தண்ணீரூற்றின் முள்ளுக் கிழங்கு

2025 பெப்ரவரி 8, சனிக்கிழமை.

காலை 6.25க்குப் பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸைப் பிடித்தேன். வட்டக்கச்சியிலிருந்து சந்திவரை மோட்டார் சைக்கிளில் வந்து, அதை எனக்குத் தெரிந்த தேநீர்க் கடையின் பின்புறம் நிறுத்தியிருந்தேன். கையில் ஒரு வெறும் சாக்கு, ஒரு கத்தி, குறிப்புப் புத்தகம். முல்லைத்தீவுக்குக் கட்டணம் 215 ரூபா. தூரம் ஏறத்தாழ 52 கிலோமீற்றர்.

போகிற காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட்டக்கச்சியில் என் வயலின் கடைசி மூலை நான்கு பரப்பு, அதாவது கால் ஏக்கர். மேலே உள்ளவர்களின் தண்ணீரெல்லாம் வடிந்து அங்கேதான் நிற்கும். மூன்று போகமாக அந்த மூலையில் நெல் அழுகிவிட்டது. ஜனவரியில் ஒரு நாள் கிளிநொச்சிச் சந்தையில் மரக்கறி விற்கும் சலீமின் கடையில், முள்ளுத் தோல் சீவிய கிழங்குத் துண்டுகளைக் கண்டேன். மணிக்கட்டுப் பருமன், உள்ளே வெள்ளையில் மெல்லிய இளஞ்சிவப்பு. பெயர் கேட்டேன். "கொகில" என்றார். சதுப்பு நிலத்தில் தானாக வளர்வது, முள் உள்ளது, சேம்பின் இனம், மூலவியாதிக்கு நல்லது என்று விளக்கினார். அது சிங்களப் பெயர். தமிழ்ப் பெயரை என்னிடமுள்ள இரண்டு மூலிகை நூல்களிலும் தேடினேன், கிடைக்கவில்லை.

"இது தம்புள்ளையால வாறது" என்றார் சலீம். "ஆனா என்ர மச்சாள் ஜெஸீமா தண்ணீரூற்றில அஞ்சு வருசமா நட்டு வைச்சிருக்கிறா. நடுறதுக்குத் தலைப்புத் துண்டு அவட்டக் கேளுங்கோ, தருவா."

தண்ணீரில் அழுகாத பயிர் எதுவானாலும் அந்த நான்கு பரப்புக்கு அது போதும். தொலைபேசியில் ஜெஸீமாவிடம் பேசி நாள் குறித்துக்கொண்டேன்.

மாசி பிறக்க இன்னும் சில நாள் இருந்தது. காலபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. விசுவமடுவைத் தாண்டியதும் வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். பஸ் மற்றப் பாதியில் போயிற்று. எதிரே வாகனம் வந்தால் இரண்டிலொன்று நின்று வழிவிட வேண்டும். ஒருவரும் நெல்லின்மேல் ஏற்றவில்லை.

பக்கத்து இருக்கையில் விசுவமடுவில் ஏறிய, கட்டட வேலை செய்யும் மேசன் ஒருவர் இருந்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார், சொன்னேன்.

"கொகிலயோ? கொழும்பில வேலை செய்யேக்க சாப்பாட்டுக் கடையில தந்தவங்கள். ஐயா, உங்களுக்குச் சொல்லுறன், வைக்கல் கயித்தை அவிச்ச மாதிரி. ரெண்டு நாள் பல்லுக் குத்தினனான்."

"தும்பை எடுக்காமல் சமைச்சிருப்பினம்" என்றேன், சலீம் சொன்னதை வைத்துக்கொண்டு.

"தும்பை எடுத்தா அதில பிறகு என்ன மிஞ்சும்?"

முன்னால் இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். புதுக்குடியிருப்பில் 7.20க்கு மேசன் இறங்கினார். இறங்கும்போதும் "பல்லுக்குத்தி கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வட்டுவாகல் பாலத்தில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. இரு புறமும் களப்பு. தண்ணீர் பாலத்தின் விளிம்புக்கு நான்கு விரல் கீழே. 8.05க்கு முல்லைத்தீவு. தேநீர் 50 ரூபா, ஒரு வடை 70. 8.20க்கு மாங்குளம் போகும் பஸ்ஸில் ஏறி, 8.40க்குத் தண்ணீரூற்றில் இறங்கினேன்.

பெயரில் மிகை எதுவும் இல்லாத ஊர் இது. நிலத்திலிருந்து தண்ணீர் ஊறுகிறது. பெரிய ஊற்று ஒன்று. அதைத் தவிரக் காணிகளுக்குள் பெயரில்லாத சிறு ஊற்றுகள். முள்ளியவளைப் பக்கத்து வயல்கள் சில இந்த நீரில்தான் விளைகின்றன. தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் அடுத்தடுத்து வாழ்ந்த இடம். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இங்கிருந்தவர்களில் பலர் புத்தளம் போனார்கள். போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பினர். திரும்பியவர்களிலும் பலருக்குப் பிள்ளைகள், மருமக்கள், வைத்தியர், வேலை எல்லாம் புத்தளத்தில். ஆகவே ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே.

ஜெஸீமாவும் அப்படித்தான். வெளியேறும்போது அவருக்குப் பதினேழு வயது, இப்போது ஐம்பத்திரண்டு. கணவர் புத்தளத்தில் மீன் லொறி ஓட்டுகிறார். மாதம் இருமுறை வருவார். மகள் அங்கே பிள்ளைப்பேற்றுக்கு இருந்ததால், ஒக்டோபர் நடுப்பகுதியில் போன ஜெஸீமா நான் போவதற்கு முதல்நாள் மாலைதான் திரும்பியிருந்தார்.

காலை 8.55. படலையில் கூப்பிட்டேன், வீட்டில் ஒருவரும் இல்லை. வீட்டின் பின்னால் நிலம் சரிந்து இறங்குகிறது. சரிவின் அடியில் ஓர் ஊற்று. அங்கிருந்து ஒரு வாய்க்கால் காணியின் எல்லை நெடுகப் போகிறது. என் கால் கணக்கில் எழுபத்திரண்டு அடி நீளம். அந்த வாய்க்காலுக்குள், கணுக்கால் அளவு தண்ணீரில், பாவாடையைத் தூக்கிச் சொருகியபடி ஒரு பெண் மண்வெட்டியுடன் நின்றார்.

"ஜெஸீமாவோ? நான் வட்டக்கச்சியால வாறன்."

"வாங்க" என்றார். பேச்சு வன்னிதான், ஆனால் 'வாங்கோ' என்னும் ஓகாரம் புத்தளத்தில் தேய்ந்துவிட்டது. "வாங்க, ஆனா உங்களுக்குக் குடுக்க ஒண்டும் இல்ல. பாருங்க."

பார்த்தேன். மிகவும் அழகான வாய்க்கால். இரு கரையும் நூல் பிடித்தது போல் வெட்டப்பட்டிருந்தது. அடியில் மணல் தெரிந்தது. தண்ணீர் தடையின்றி ஓடிற்று. ஒரு புல் இல்லை. ஒரு முள்ளும் இல்லை.

"இந்த முனையிலயிருந்து அந்த முனை மட்டும் நிண்டது" என்றார். "என்ர இடுப்பளவுக்கு. ஆடு மாடு கிட்ட வராது. போகேக்க ஒரு துண்டும் கிண்டாமல் விட்டுட்டுப் போனனான், இந்த மாசி நல்லா முத்தட்டும் எண்டு."

திருட்டாக இருக்குமோ என்று கேட்டேன்.

"இதைக் களவெடுக்க ஆருக்குத் தெரியும்? இந்த ஊரில திங்கிறது நானும் என்ர வீட்டுக்காரரும்தான்."

பிறகு மண்வெட்டியைக் கரையில் போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார். காணி அவருக்கும் மூத்த சகோதரர் ஹனீபாவுக்கும் பொதுவானது. வாப்பா பிரிக்காமல் விட்டுப்போன அரை ஏக்கர். ஹனீபா புத்தளத்திலேயே தங்கிவிட்டார். முள்ளியவளைக் கடைக்காரர் ஒருவர் சரிவு நிலத்தை மண் போட்டு நிரப்பிக் களஞ்சியம் கட்ட விலை கேட்கிறார். நெல்லும் விளையாத சகதிக்கு விலை வந்ததே பெரிது என்பது, நானா என்று அவர் அழைக்கும் அந்த அண்ணனின் எண்ணம். நிலம் போனால் தங்கையும் குடும்பத்தோடு புத்தளத்தில் நிரந்தரமாக இருக்கலாம் என்பதும்தான். ஜெஸீமாவுக்கு விற்க மனமில்லை. அது சகதியில்லை, பயிர் நிலம், வந்து கிண்டிப் பார் என்று போன வருடம் முழுக்கச் சொல்லி வந்திருக்கிறார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நானா வாறார்" என்றார். "கிண்டிக் காட்ட."

நானும் கரையில் உட்கார்ந்தேன்.

காலை 9.20. கீழே வயல் பக்கமிருந்து ஒருவர் வரம்பில் ஏறி வந்தார். அறுபது வயதிருக்கும், தலையில் துவாய், முகம் நிறையச் சிரிப்பு. ஜெஸீமாவின் கீழ்க் காணிக்காரர் தர்மலிங்கம்; அவரது இரண்டு ஏக்கர் நெல் வயலுக்குத்தான் இந்த ஊற்று நீர் போகிறது.

"எப்பிடித் தங்கச்சி, எப்ப வந்தனீங்கள்? பேரன் சுகமோ?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் வாய்க்காலைக் கையால் காட்டினார். "எப்பிடிக் கிடக்கு? கண்ணாடி மாதிரி இல்லையோ?"

ஜெஸீமா அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"போகேக்க காணியைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனியளெல்லோ. நாங்கள் சும்மா இருப்பமோ? தீபாவளி கழிஞ்ச ஞாயிறு நானும் ரெண்டு கூலிக்காரருமா இறங்கி ஒரு முழுநாள் நிண்டனாங்கள். என்ன முள்ளு! இஞ்ச பாருங்கோ." சாரத்தை உயர்த்தி முழங்காலுக்குக் கீழே ஆறிய கீறல்களைக் காட்டினார். "ரெண்டு நாள் காலில ஒண்டும் போடேலாமல் போச்சு. பொம்பிளை தனிய எப்பிடி வெட்டுவா எண்டுதான் செய்தனான். காசு ஒண்டும் தரவேண்டாம்."

ஜெஸீமா மிகவும் மெதுவாகச் சொன்னார்: "அண்ணை, அதை நட்டது நான்."

"எதை?"

"அந்த முள்ளை."

தர்மலிங்கம் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததில் பிழையில்லை. நெல் செய்கிறவருக்கு வாய்க்காலுக்குள் நிற்கும் எதுவும் பயிரல்ல. எங்கள் பக்கத்திலும் ஒருவன் நல்லவனா என்பதை அவனுடைய வாய்க்காலைப் பார்த்துத்தான் சொல்வோம். ஒருவருடைய காணியை இன்னொருவரிடம் ஒப்படைத்தால், அவர் காட்டக்கூடிய மிகப் பெரிய அன்பு வாய்க்காலை வெட்டித் துப்புரவாக்கிவிடுவதுதான். ஜெஸீமா ஐந்து வருடமாகத் தன் வாய்க்காலை வெட்டாமல் விட்டிருந்ததை, ஆள் உதவி இல்லாத குறை என்றே அவர் நினைத்திருக்கிறார்.

சிரிப்பு நின்றதும் துவாயைத் தலையிலிருந்து எடுத்தார்.

"இதைத் திங்கிறதோ?"

"ஓம் அண்ணை."

"அஞ்சு வருசமா ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?"

"நீங்கள் கேக்கேல்லையே. ஒருக்கா உங்கட வீட்டு அக்காட்டக் குடுத்தனான், கறி. 'என்ன தும்பு' எண்டு சொன்னவா. அதோட விட்டுட்டன்."

வெட்டியதை எங்கே போட்டீர்கள் என்று நான் கேட்டேன். எரிக்கத்தான் நினைத்தாராம். குவித்து வைத்து இரண்டாம் நாளே மழை தொடங்கிவிட்டது. கார்த்திகை முழுக்க நெருப்பு வைக்க முடியவில்லை. வயலின் கடைசிப் பள்ளத்தில், நெல் போடாத மூலையில் கொட்டியது அப்படியே கிடந்தது.

"கிடந்தது எண்டா, இப்ப?"

தர்மலிங்கம் கழுத்தைச் சொறிந்தார். "அதில இப்ப ஏதோ ஒரு களை நிக்குது. திங்கட்கிழமை மருந்தடிக்க மெசின் இரவல் வாங்கி வைச்சிருக்கிறன்."

ஜெஸீமா எங்கள் இருவருக்கும் முன்னால் போய்விட்டார். அறுத்த வயல், தாள் காலில் குத்தும். அவர் வெறுங்காலோடு ஓடினார் என்றே சொல்ல வேண்டும்.

காலை 9.45. பள்ளம் ஏறத்தாழ மூன்று பரப்பு. ஊற்று நீரெல்லாம் கடைசியாக வந்து நிற்கும் இடம், முழங்கால் சேறு. அதில் ஈட்டி முனைபோல் இலைகள், நூற்றுக்கு மேல், இளம் பச்சையில் நின்றன. இளம் இலைகள் சுருண்டு கூராக இருந்தன. கொஞ்சம் முதிர்ந்தவை அகன்று அம்புத்தலை வடிவம் எடுத்திருந்தன. தண்டு முழுக்க முள். நடுவில் கறுத்து மக்கிய பழைய இலைக் குவியல். அதன் அடியிலிருந்தும் தளிர்கள் கிளம்பியிருந்தன.

நவம்பர் 3ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை வெட்டியது. இன்றோடு தொண்ணூற்றேழு நாள் என்று புத்தகத்தில் குறித்தேன். வெட்டுண்டு, வீசுண்டு, நட யாரும் இல்லாமல், தொண்ணூற்றேழு நாளில் இது. ஜெஸீமா தன் வாய்க்காலில் முதல் வருடம் நட்டபோது இதில் பாதியும் எழும்பவில்லையாம்.

அவர் சேற்றில் இறங்கிக் கையை விட்டுத் துழாவினார். ஒரு கிழங்கை இழுத்து எடுத்தார். பழைய கிழங்கு; என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம்; பக்கத்தில் புது வேர். அதைத் தண்ணீரில் அலசி மூக்கருகே கொண்டுபோனார். அழுகவில்லை.

"அண்ணை" என்றார், சேற்றிலிருந்தபடியே. "இது இப்ப உங்கட காணியில நிக்குது."

"நிண்டா?"

"உங்கடதெண்டு சொன்னா, காணியை விக்க நாளைக்கு வாற நானாக்கு நான் என்னத்தைக் காட்டுறது?"

"என்ன கதை கதைக்கிறியள் தங்கச்சி!" தர்மலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது; வெட்கத்தைக் கோபமாக மாற்றுவது எளிது. "உங்கட முள்ளை எனக்கென்னத்துக்கு? எனக்கு இந்தப் பள்ளம் ஒருநாளும் நெல்லுத் தந்ததில்லை. வெட்டு மெசின்காரன் கிட்டவும் வரமாட்டன் எண்டுறான். நிக்கட்டும். நிண்டு வளரட்டும். நாளைக்குக் கொண்ணர் வர, நானே கூட்டிக்கொண்டு வந்து காட்டுறன். வெட்டினவன் நான், சொல்லுறவனும் நானாத்தான் இருக்கவேணும்."

அன்று தர்மலிங்கம் என்னைத் தன் வீட்டிலேயே தங்கும்படி சொல்லிவிட்டார். மருந்தடிக்கும் மெசினை அவர் மாலை 4 மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்ததையும் குறித்திருக்கிறேன்.

பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை.

காலை 7 மணிக்கே ஜெஸீமா இரண்டு பழைய கிழங்குகளோடும் ஒரு கட்டு இளந்தளிரோடும் தர்மலிங்கத்தின் குசினிக்கு வந்துவிட்டார். வீட்டுக்காரி புவனேஸ்வரி, முன்பு 'என்ன தும்பு' என்று சொன்னவர், கையில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு தயாராக நின்றார்.

"கருணைக் கிழங்கு வெட்டுற எனக்கு இதைப் பழக்கத் தேவையில்லை" என்றார் புவனேஸ்வரி. "கடிக்கிற சாமானுக்குப் பழப்புளிதான்."

"இல்ல அக்கா, இதுக்குத் தேசிக்காயும் உப்பும். புளி போட்டா நிறம் கறுத்திரும்."

"கறுத்தா வயித்துக்குத் தெரியுமோ?"

"வயித்துக்குத் தெரியாது. எங்கட நானாக்குத் தெரியும்."

தேசிக்காய் வென்றது. வேலை முறையைக் கவனித்தேன். முள்ளுத் தோலைக் கனமாகச் சீவ வேண்டும். சீவி முடியும்வரை தண்ணீர் படக் கூடாது. பிறகு கிழங்கை மெல்லிய வட்டங்களாக அரிகிறார்கள். ஒவ்வொரு வெட்டிலும் சிலந்தி நூல்போலத் தும்பு இழுபடும். வட்டத்தைப் பிரித்தவுடன் அந்தத் தும்பை ஓர் ஈர்க்கில் சுற்றி எடுக்க வேண்டும். ஜெஸீமாவின் இடக்கையில் ஈர்க்கு தானாகச் சுழன்றது. புவனேஸ்வரி முதல் பத்து வட்டத்துக்கு மறந்து மறந்து, பிறகு பிடித்துக்கொண்டார். கடைசியில் ஈர்க்கில் பஞ்சுக் கதிர்போல ஓர் உருண்டை சேர்ந்தது. அதைத் தூக்கிப் பிடித்து, "அண்டைக்கு நான் திண்டது இதைத்தான்" என்றார்.

"நான் எடுத்துத்தான் தந்தனான்."

"பொய் சொல்லாதை. நீ அவசரத்தில எடுக்கேல்லை."

ஜெஸீமா சிறிது யோசித்துவிட்டு, "அண்டைக்கு நோன்பு" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

அரிந்ததை உப்பும் தேசிக்காய்ச் சாறும் விட்ட தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்துப் பிழிந்தார்கள். வறுத்த அரிசியும் தேங்காய்ப் பூவும் அரைத்துச் சேர்த்து, இரண்டாம் முறை பிழிந்த கப்பிப்பாலில் அவியவிட்டு, முதல்பால் விட்டு இறக்கியது ஒரு கறி. தளிரை மயிரிழையாக அரிந்து, தேங்காய்ப் பூவும் பச்சை மிளகாயும் சேர்த்துச் சட்டியில் புரட்டியது மற்றது. புவனேஸ்வரி அதை வறை என்றார்; ஜெஸீமா சுண்டல் என்றார்.

காலை 10.15. ஹனீபா வந்து சேர்ந்தார். வயது அறுபத்துமூன்று, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, கையில் சுருட்டிய அளவு நாடா. இரவு பஸ்ஸில் புத்தளத்திலிருந்து வவுனியா, வவுனியாவிலிருந்து இங்கே. களைப்புத் தெரிந்தது. வீட்டுக்குள் போகாமல் நேரே பின்னால் நடந்து வாய்க்கால் கரையில் நின்றார்.

"எங்க புள்ள உன்ர பயிர்?"

தர்மலிங்கம் ஓரடி முன்னே வந்தார். முதல்நாள் சொன்ன எல்லாவற்றையும் அதே வரிசையில் சொன்னார். கால் கீறலையும் காட்டினார். ஹனீபா நடுவில் ஒரு முறையும் குறுக்கிடவில்லை. முடிந்ததும் அளவு நாடாவைக் கைமாற்றிக்கொண்டு, "தர்மு, நீ இளம் வயசில எங்கட மாட்டை அவிட்டுவிட்டதும் இப்பிடி நல்லெண்ணத்திலதானே?" என்றார்.

"அது வேற கதை நானா. கயிறு கழுத்தில இறுகிக் கிடந்தது."

"மாடு மூண்டு நாள் வரேல்ல."

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பள்ளத்துக்குப் போனோம். ஹனீபா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விளிம்பில் குந்தினார். இலையை விரலால் தட்டினார். ஒரு தண்டின் அடியில் பெருவிரலை அழுத்தினார். புத்தளத்துக்காரருக்குக் கொகிலயை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவர் கேட்டது வேறொன்று.

"ஆவணியில இதில எவ்வளவு தண்ணி நிக்கும்?"

"இதேயளவுதான். ஊத்து வத்தினதை நான் பிறந்ததிலயிருந்து காணேல்லை" என்றார் தர்மலிங்கம்.

"மேல எங்கட சரிவை மண் போட்டு மூடினா?"

அதுவரை விற்பனைக் கதை தன்னைத் தொடாதது என்றே தர்மலிங்கம் இருந்திருக்க வேண்டும். திரும்பி மேலே பார்த்தார். ஊற்றுக்கும் தன் வயலுக்கும் இடையில் கண்ணால் ஒரு கோடு இழுத்தார்.

"தண்ணி நிக்காது நானா. மூடினா வேற பக்கத்தால வரும். ஒண்டில் என்ர வயலைப் பிளந்துகொண்டு வரும், இல்லாட்டி அந்தக் களஞ்சியத்துக்குள்ளேயே வரும்."

"ம்" என்றார் ஹனீபா.

மதியம் 12.40. தர்மலிங்கத்தின் விறாந்தையில் சாப்பிட்டோம். சிவப்பரிசிச் சோறு, கொகிலக் கறி, தளிர்ச் சுண்டல், பருப்பு, புவனேஸ்வரி தனியாகப் பொரித்த நெத்தலிக் கருவாடு. கறி எப்படி இருந்தது என்று வாசகர் கேட்பீர்கள். தாமரைக் கிழங்கைவிட மெத்து. மொறுமொறுப்பு உள்ளே இருந்தது. வறுத்த அரிசியின் மணம் முந்தி வந்தது. விழுங்கிய பிறகு தொண்டையில் மிக இலேசான ஓர் அரிப்பு, இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. பல்லுக்குத்தி தேவைப்படவில்லை. மேசனைச் சந்தித்தால் சொல்வேன்.

ஹனீபா இரண்டாம் முறை கறி கேட்டார். பிறகு கையைக் கழுவி வந்து, எல்லோருக்கும் கேட்கத் தங்கையிடம் பேசினார்.

"வாப்பா இருந்த காலத்தில இந்தச் சரிவை நாங்கள் எட்டியும் பாத்ததில்ல. புத்தளத்தில தட்டி வீட்டில இருக்கேக்கதான் பக்கத்துச் சிங்கள மனிசி இதை அரியக் காட்டித்தந்தவ, உம்மாக்கு. அதைக் கொண்டுவந்து இஞ்ச நட்டிருக்கிறாய். சரி." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "கடைக்காரருக்கு இந்த வருசம் இல்லை எண்டு சொல்லுறன். அடுத்த மாசி வருவன். அப்பவும் உன்ர வாய்க்கால் இப்பிடித் துப்புரவாக் கிடந்தா, வித்துப்போட்டுப் போயிருவன். பிறகு அழக் கூடாது."

"அழமாட்டன்" என்றார் ஜெஸீமா. அளவு நாடா கதிரையின் கீழே கிடந்தது. அதை யாரும் அன்று விரிக்கவில்லை.

பிற்பகல் 2 மணியிலிருந்து 3.30வரை நடுகை. தளிர் உள்ள தலைப்பை ஒரு சாண் நீளத்தில் வெட்டி, சேற்றில் சாய்த்துப் புதைத்து, நுனியை மட்டும் வெளியே விட வேண்டும். பள்ளத்தில் இருந்தவற்றில் மூன்றிலொரு பங்கை எடுத்து வாய்க்காலுக்குள் நட்டார்கள். மீதி அங்கேயே நின்று இரு வீட்டுக்கும் பொதுவாக வளரும் என்று முடிவாயிற்று. தர்மலிங்கம் சேற்றில் இறங்கித் தானே துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். அவர் அவ்வளவு பாடுபட்டு வெட்டிய கரையை ஜெஸீமா மண்வெட்டியால் சிதைத்து, தண்ணீர் தேங்கும்படி மூன்று இடத்தில் அணைத்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் பதினொரு துண்டுகள் கிடைத்தன. ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டேன்.

வட்டக்கச்சியை நினைத்தேன். எங்களுக்குத் தண்ணீர் குளத்திலிருந்து, கூட்டத்தில் தீர்மானித்த திகதியில், கதவு திறந்து வருகிறது. திகதிக்கு முதல் ஒவ்வொருவரும் தன் பங்கு வாய்க்காலை வெட்டி முடிக்க வேண்டும். வெட்டாதவன் பெயர் கூட்டத்தில் வாசிக்கப்படும். என் பெயர் ஒருமுறையும் வாசிக்கப்பட்டதில்லை; அதில் எனக்குப் பெருமையும் உண்டு. தண்ணீரூற்றில் கதவும் இல்லை, திகதியும் இல்லை. என் நான்கு பரப்பில் இந்தப் பதினொன்றையும் நட்டால், அடுத்த சிறுபோகத்துக்கு முதல் நல்ல மனிதர்கள் மண்வெட்டியோடு வருவார்கள். அவர்களிடம் நான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஜெஸீமா சொல்லாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

மாலை 4.05. பஸ் நிறுத்தத்துக்கு ஜெஸீமா, தர்மலிங்கம், புவனேஸ்வரி மூவரும் வந்தார்கள். ஹனீபா வீட்டில் படுத்துவிட்டார். நோன்பு தொடங்க மூன்று கிழமை இருந்தது. ஜெஸீமா அதற்காகத் திரும்பவும் புத்தளம் போய், பெருநாள் கழித்துத்தான் வருவார். தர்மலிங்கத்திடம் அதைச் சொல்லத் தயங்கி நின்றார் என்று தெரிந்தது. முல்லைத்தீவு பஸ் வளைவில் தெரிந்தபோதுதான் சொன்னார்.

"அண்ணை, இன்னும் மூண்டு கிழமையில போயிருவன். காணியைப் பாத்துக்கொள்ளுங்கோ."

இந்த முறை அவர் வாயில் 'ங்கோ' வந்தது.

"பாத்துக்கொள்ளுறன் தங்கச்சி" என்றார் தர்மலிங்கம். கை இரண்டையும் முதுகின் பின்னால் கட்டிக்கொண்டார். "பயப்பிடாமல் போட்டு வாங்கோ. இந்தமுறை ஒண்டுமே செய்யமாட்டன்."